ஏற்றுவதா, ஈடு கட்டுவதா? போக்கர் கணக்கை எக்ஸெலில் போட்டுப் பார்ப்போம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் முதல் மாதத்தில் செய்வது இரண்டு வேலைகள்தான். ஒன்று, பாட்டு கேட்பது. இன்னொன்று, சீட்டு விளையாடுவது. விண்டோஸில் சாலிடேர் ஆட்டம் வைத்ததே மவுஸ் பிடிக்கப் பழக்குவதற்குத்தான் என்று சொல்வார்கள். சீட்டை இழுத்து இன்னொரு சீட்டின் மேல் போடத் தெரிந்துவிட்டால் 'ட்ராக் அண்ட் ட்ராப்' பாடம் முடிந்தது.

இந்தக் கட்டுரையிலும் சீட்டாட்டம்தான். ஆனால் விளையாடப் போவதில்லை. போக்கர் ஆட்டத்தில் வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதை எக்ஸெல் ஷீட்டில் கணக்காகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் மென்பொருளைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் வேலை ஒரே மாதிரிதான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. என் மாமா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கிளிக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கிறான். (எங்கள் பக்கத்தில் 'கிளிக்கிங்' என்றால் மவுஸ் வேலை அல்ல. தோலை அச்சு வைத்து வெட்டும் வேலை. நான் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, 'அங்கேயும் கிளிக்கிங்தானா?' என்று பாட்டி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.) அவன் 2022-ல் செல்போனில் பணம் கட்டி முதலில் ரம்மியும், பிறகு போக்கரும் ஆடினான். வீட்டுக்குத் தெரிய வந்தபோது போயிருந்தது எண்பதாயிரத்துக்கும் மேல். தங்கையின் வளைகாப்புக்கு என்று வைத்திருந்த பணமும் அதில் சேர்த்தி.

எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் என்னிடம் வந்து கேட்டான். "மச்சான், நீ இன்ஜினியர். உண்மையைச் சொல்லு. கணக்கு தெரிஞ்சு ஆடியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா?"

திட்டி அனுப்பியிருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியிருந்தார்கள். அதனால் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

லிமிட் போக்கர் என்றால்

போக்கரில் பல வகைகள் உண்டு. நாம் பார்க்கப் போவது 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில், பந்தய அளவு நிர்ணயிக்கப்பட்ட 'லிமிட்' ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குத் தெரியாமல். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று (இதற்கு ஃப்ளாப் என்று பெயர்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). கையில் உள்ள இரண்டு, பொதுவில் உள்ள ஐந்து, ஆக ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டும் சுற்று ஒன்று உண்டு, மொத்தம் நான்கு. நம் ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 2 கொட்டை. அடுத்த இரண்டு சுற்றில் 4 கொட்டை. அதற்கு மேலும் கட்ட முடியாது, கீழும் கட்ட முடியாது. 'லிமிட்' என்பது இதைத்தான் குறிக்கிறது.

எதிராளி பந்தயம் கட்டிவிட்டால் உங்கள் முன் இருப்பவை மூன்றே வழிகள். சீட்டை மடக்கிவிட்டு ஒதுங்குவது 'ஃபோல்ட்'. அவர் கட்டிய அளவை நீங்களும் கட்டி ஈடு செய்வது 'கால்'. (முழங்கால், அரைக்காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஈடு செய்துவிட்டு, மேலும் ஒரு பந்தயம் ஏற்றுவது 'ரெய்ஸ்'. ஒரு சுற்றில் வழக்கமாக ஒரு பந்தயம், மூன்று ஏற்றம், அதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஃபோல்ட் செய்யலாமா என்பது ஓரளவு எளிதாகத் தெரிந்துவிடும். சிக்கல் மற்ற இரண்டில்தான். கால் செய்தால் செலவு குறைவு, ரெய்ஸ் செய்தால் செலவு இரண்டு மடங்கு. இருந்தும் ரெய்ஸ் செய்வதுதான் மலிவு என்று சில இடங்களில் கணக்கு சொல்கிறது. அது எப்படி?

ஷீட்டைத் திறப்போம்

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டே பேர் ஆட்டம். உங்கள் கையில் இரண்டு ஆட்டின். பொதுவில் திறந்திருக்கும் நான்கு சீட்டில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரே ஒரு சீட்டு வர வேண்டும். அது ஆட்டினாக வந்தால் உங்களுக்கு ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். வராவிட்டால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. நடுவில் 20 கொட்டை கிடக்கிறது. எதிராளி இன்னும் 4 போடுகிறார். இப்போது நடுவில் 24.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் பத்தியில் விவரங்களையும் இரண்டாம் பத்தியில் எண்களையும் டைப் செய்யுங்கள். பத்திகளுக்கு மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளும், இடப்பக்கம் வரிசை எண்களும் தெரியும். இரண்டாம் பத்தியின் முதல் கட்டத்துக்குப் பெயர் பி1.

பி1 கட்டத்தில் 24 (நடுவில் உள்ளது).
பி2 கட்டத்தில் 4 (நான் போட வேண்டியது).
பி3 கட்டத்தில் 9 (எனக்கு உதவும் சீட்டுகள்).
பி4 கட்டத்தில் 46 (நான் இன்னும் பார்க்காத சீட்டுகள்).

9 எப்படி வந்தது? மொத்தம் 13 ஆட்டின். நான்கைப் பார்த்துவிட்டோம். மீதி 9. 46 எப்படி? மொத்தம் 52 சீட்டு, கையில் 2, பொதுவில் 4, ஆக 6 போனால் 46. எதிராளி கையிலும் ஆட்டின் இருக்கலாமே என்று என் மச்சான் கேட்டான். இருக்கலாம். ஆனால் அது நமக்குத் தெரியாது. தெரியாத சீட்டு எதிராளி கையில் இருந்தால் என்ன, கட்டில் இருந்தால் என்ன, நம் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் தடுமாறும் இடம் இது.

இப்போது பி5 கட்டத்தை கிளிக் செய்து சமக்குறி ஒன்றை டைப் செய்யுங்கள். பிறகு பி3 மேல் கிளிக் செய்து, வகுத்தல் குறியான சாய்கோட்டைப் போட்டு, பி4 மேல் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 0.1957 என்று வரும். ஹோம் டேபில் உள்ள சதவீதக் குறியை அழுத்தினால் 20% என்று மாறும். இதுதான் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு. கட்டத்தின் பெயரை டைப் செய்யாமல் இப்படிக் கிளிக் செய்தே எடுத்தால் எழுத்துப் பிழை வராது.

பி6 கட்டத்தில்: சமக்குறி, பி2, வகுத்தல், அடைப்புக்குள் பி1 கூட்டல் பி2. 14% என்று வரும். 28-ல் 4 என்று இதற்கு அர்த்தம். அதாவது, 4 கொட்டை போட்டு 24-ஐ ஜெயிக்க முயல்கிறீர்கள். நஷ்டம் வராமல் இருக்க 14 சதவீதம் ஜெயித்தால் போதும். உங்கள் வாய்ப்பு 20. எனவே மடக்கக் கூடாது. கால் நிச்சயம்.

கால் செய்வதன் மதிப்பை பி7 கட்டத்தில் போடலாம்: சமக்குறி, பி5 பெருக்கல் பி1, கழித்தல், அடைப்புக்குள் 1 கழித்தல் பி5, அடைப்புக்கு வெளியே பெருக்கல் பி2. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும். 1.48 என்று வரும். இதே நிலை 46 முறை வந்தால் 9 முறை 24 கிடைக்கும், 37 முறை 4 போகும். 216-ல் 148 போக மீதி 68 கொட்டை. 46-ஆல் வகுத்தால் 1.48.

இப்போது பி3-ல் உள்ள 9-ஐ அழித்து 4 என்று போடுங்கள். வரிசைச் சீட்டுக்கு நடுவில் ஒன்று மட்டும் குறையும்போது (5, 6, 8, 9 இருக்கிறது, 7 வேண்டும்) உதவும் சீட்டுகள் நான்குதான். உடனே பி7-ல் எண் மாறும். கழித்தல் 1.57. நான்கு கொட்டை போடும் ஒவ்வொரு முறையும் சராசரியாக ஒன்றரை கொட்டை நஷ்டம். இந்த நான்கு சீட்டுக்காக 4 கொட்டை போட வேண்டுமானால் நடுவில் குறைந்தது 42 கிடக்க வேண்டும்.

இந்த இடத்தில் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் செல்போனை எடுத்தான். அவன் ஆடிய கைகளில் சிலவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருந்தான். தோற்றதை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறான், 'அநியாயமாகத் தோற்றேன்' என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காக. ஒவ்வொன்றாக ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். நடுச்சீட்டுக்காகக் காத்திருந்து கால் செய்த கைகள் நிறைய இருந்தன. அவற்றில் அநியாயம் எதுவும் நடக்கவில்லை. 46-ல் 42 முறை நடப்பதுதான் நடந்திருக்கிறது. "சும்மா நாலு ரூபாதானேன்னு போட்டுக்கிட்டே இருந்தேன் மச்சான்" என்றான்.

ரெய்ஸ் எப்போது மலிவு?

பி3-ல் திரும்பவும் 9 என்று போட்டுக்கொள்ளுங்கள். இப்போது ரெய்ஸ் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 4-க்குப் பதில் 8 போட வேண்டும். எதிராளி இரண்டில் ஒன்று செய்வார். ஒன்று, பயந்து மடக்குவார். அப்போது 24-ம் உங்களுக்கு, கடைசிச் சீட்டே தேவையில்லை. இரண்டு, அவரும் 4 போட்டு ஈடு செய்வார். அப்போது ஆட்டின் வந்தால் 28 கிடைக்கும், வராவிட்டால் 8 போகும்.

பி8 கட்டத்தில் எதிராளி மடக்கும் வாய்ப்பு என்று நினைப்பதைப் போடுங்கள். முதலில் 0. பி9 கட்டத்தில் கொஞ்சம் நீளமான ஃபார்முலா, நிதானமாகப் போடவும்: சமக்குறி, பி8 பெருக்கல் பி1, கூட்டல், (1 கழித்தல் பி8) பெருக்கல் ஒரு பெரிய அடைப்பு. அந்த அடைப்புக்குள்: பி5 பெருக்கல் (பி1 கூட்டல் பி2), கழித்தல், (1 கழித்தல் பி5) பெருக்கல் 2 பெருக்கல் பி2. அடைப்புகள் திறந்த எண்ணிக்கையும் மூடிய எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸெல் தகராறு செய்யும்.

பி8-ல் 0 இருக்கும்போது விடை கழித்தல் 0.96. எதிராளி எந்தக் காலத்திலும் மடக்காதவர் என்றால் ரெய்ஸ் நஷ்டம், கால்தான் சரி. பி8-ல் 0.05 போட்டால் 0.29 ஆகிறது. 0.1 போட்டால் 1.54. பி7-ல் உள்ள 1.48-ஐ அது தாண்டிவிட்டது! 0.2 போட்டால் 4.03.

பத்து தடவையில் ஒரே ஒரு தடவை எதிராளி மடக்குவார் என்றாலே இந்த இடத்தில் கால் செய்வதைவிட ரெய்ஸ் செய்வது நல்லது. கையில் ஒன்றுமே சேராத நிலையில்! நான் முதல்முறை இந்த எண்ணைப் பார்த்தபோது ஃபார்முலாவில் தப்பு என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். தப்பு இல்லை. நடுவில் கிடக்கும் 24 பெரியது, கூடுதலாகப் போடும் 4 சிறியது. காரணம் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் சில விஷயங்களை விட்டிருக்கிறேன். எதிராளி பதிலுக்கு மேலும் ஏற்றலாம். கடைசிச் சுற்றில் இன்னொரு பந்தயம் உண்டு. ஃப்ளஷ் வந்தும் எதிராளியிடம் அதைவிடப் பெரியது இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் நகரும். முடிவு பெரிதாக மாறாது.

ஆட்கள் அதிகமாக இருந்தால் கணக்கு வேறு விதம். மேலே உள்ள அதே நான்கு ஆட்டின், ஆனால் ஃப்ளாப்பிலேயே வந்துவிட்டது, இன்னும் இரண்டு சீட்டு பாக்கி என்று வையுங்கள். இரண்டில் ஒன்றாவது ஆட்டினாக வரும் வாய்ப்பு 35%. நான்கு பேர் ஆடுகிறார்கள், நீங்கள் ரெய்ஸ் செய்தாலும் யாரும் போகமாட்டார்கள். அப்போது ஏறும் ஒவ்வொரு பந்தயத்திலும் நீங்கள் போடுவது நான்கில் ஒரு பங்கு, 25%. ஜெயிப்பதோ ஏறக்குறைய 35%. யாரும் மடக்காவிட்டாலும் ரெய்ஸ் லாபம்தான். அதே சீட்டோடு ஒரே ஒருவருக்கு எதிராக என்றால் நீங்கள் போடுவது 50%, ஜெயிப்பது 35%. அவர் மடக்குவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வெறும் கால்.

கடைசிச் சீட்டும் திறந்த பிறகு 'வரலாம்' என்பதற்கு இடமே இல்லை. இருப்பது இருப்பதுதான். எதிராளி 4 போடுகிறார், நடுவில் 28. ரெய்ஸ் செய்தால் அவர் ஈடு செய்யும் கைகளில் பாதிக்கு மேல் உங்களிடம் தோற்கும் கைகளாக இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். ஆனால் உங்களை ஜெயிக்கும் கை இருந்தால் அவர் சும்மா இருக்கமாட்டார், பதிலுக்கு ஏற்றுவார். ஜெயித்தால் கூடுதலாக ஒரு பந்தயம் வரும், தோற்றால் இரண்டு போகும். எனவே பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். அந்த உறுதி இல்லாதபோது கால் செய்துவிட்டுச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். எட்டில் ஒரு முறை ஜெயித்தாலே அந்தக் கால் நஷ்டமில்லை. லிமிட் ஆட்டத்தில், கடைசிச் சுற்றில் நல்ல கையை மடக்குவது 28 கொட்டை தப்பு. கெட்ட கையோடு கால் செய்வது 4 கொட்டை தப்பு.

எதிராளி மனதில் உள்ள எண்

பி8 கட்டத்தில் போட்ட எண் நாம் ஊகித்ததுதான். அதை யார் சொல்வது? வேலூர் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். பழைய தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தோல் வியாபாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். உப்புப் போட்ட தோலின் மேல் முடி இருக்கும்வரை பல கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்பில் ஊறி முடி போன பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். அதற்குள் விலை பேசி முடித்தாயிற்று.

இப்படிப் பாதி மறைந்திருக்கும் விளையாட்டுகள் கம்ப்யூட்டருக்கு நீண்ட காலம் கஷ்டமாக இருந்தன. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண் முன்னால் இருக்கும். ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ 1997-லேயே உலக சாம்பியன் காஸ்பரோவை ஜெயித்துவிட்டது. போக்கருக்கு மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கனடாவில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 'போலாரிஸ்' என்ற மென்பொருளை 2007-ல் வான்கூவரில் ஃபில் லாக், அலி எஸ்லாமி என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டது. அதிர்ஷ்டத்தைக் கழிக்க நல்ல ஏற்பாடு ஒன்று செய்தார்கள். இரண்டு பேரும் தனித்தனி அறையில். ஒரு அறையில் மனிதருக்குப் போன சீட்டு, மற்ற அறையில் கம்ப்யூட்டருக்குப் போகும். நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த முறை மனிதர்கள் மயிரிழையில் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ்வேகாஸில் போலாரிஸ் ஜெயித்தது.

2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங் குழுவினர், ஃபின்லாந்து புரோகிராமர் ஆஸ்கரி டாம்மெலினோடு சேர்ந்து, 'சயன்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஏறக்குறைய முழுசாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. அந்த மென்பொருளின் பெயர் செஃபியஸ். ஒருவர் மணிக்கு 200 கை, தினமும் 12 மணி நேரம், 70 வருடம் விடாமல் ஆடினாலும், 'நான் இதைவிடக் கெட்டிக்காரன்' என்று நிரூபிக்க முடியாத அளவுக்கு அதில் குறை மிகவும் சிறியது.

லிமிட் ஆட்டத்தை முதலில் எடுத்ததற்குக் காரணம், வழிகள் மூன்றே என்பதுதான். எவ்வளவு கட்டுவது என்ற கேள்வி இல்லை. அப்படியும் அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 316-க்குப் பின்னால் 15 பூஜ்யம். 24 கோர் கொண்ட 200 கம்ப்யூட்டர்கள், மொத்தம் 4,800 கோர்கள், 68 நாள் ஓடின. சேமிக்க 262 டெராபைட் தேவைப்பட்டிருக்கும். சுருக்கி சுமார் 11 டெராபைட்டில் அடக்கினார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது போல பதினொன்று.

வருத்தக் கணக்கு

செஃபியஸுக்கு எந்த மனிதரும் ஆடச் சொல்லித் தரவில்லை. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட முறைக்கு ஆதாரம் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம்: 'அப்படிச் செய்திருக்கலாமே' என்ற வருத்தம்.

நம் உதாரணத்தையே எடுங்கள். கால் செய்தீர்கள், ஆட்டின் வரவில்லை, 4 போயிற்று. ரெய்ஸ் செய்திருந்தால் எதிராளி மடக்கியிருப்பார், 24 வந்திருக்கும் என்று வையுங்கள். மடக்கியிருந்தால் 0. எனவே ரெய்ஸ் செய்யாததற்கு வருத்தம் 28. மடக்காததற்கு வருத்தம் 4. இந்த எண்களைக் கூட்டிக்கொண்டே வந்து, அடுத்த முறை அதே விகிதத்தில் ஆட வேண்டும். 28-க்கு 4, அதாவது எட்டில் ஏழு முறை ரெய்ஸ், ஒரு முறை ஃபோல்ட். அடுத்த சுற்றில் வருத்தம் மாறும், விகிதமும் மாறும். எதிராளியாக ஆடுவதும் அதே புரோகிராம் என்பதால் அவரும் கற்றுக்கொண்டே வருவார். செஃபியஸ் ஆட்டம் முழுவதையும் 1,579 முறை இப்படிப் புரட்டியது. இந்த முறையின் மூல வடிவம் 2007-ல் ஆல்பர்ட்டாவில் உருவானது.

விகிதம் என்பதைக் கவனியுங்கள். 'இந்தக் கைக்கு ரெய்ஸ்' என்று எல்லா இடத்திலும் ஒரே முடிவாகச் சொல்வதில்லை. சில இடங்களில் எட்டுக்கு ஏழு, சில இடங்களில் நான்குக்கு ஒன்று. எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் எதிராளி படித்துவிடுவார். எக்ஸெலில் இதைச் செய்வது சுலபம். ஃபார்முலா பாரின் இடப்பக்கம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி, 'ராண்ட்' ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். கீபோர்டில் எஃப்9 தட்டத் தட்ட மாறும். 0.25-க்குக் கீழே வந்தால் ரெய்ஸ், மேலே வந்தால் கால் என்று வைத்தால் நான்கில் ஒரு முறை ரெய்ஸ். கம்ப்யூட்டர் இல்லாதபோது கைக்கடிகாரத்தில் நொடி முள் முதல் கால்வட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

செஃபியஸ் கண்டுபிடித்த இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. சீட்டைப் பகிர்பவர் முதல் சுற்றில் முதல் ஆளாக முடிவெடுக்கும்போது, அது கால் செய்வது பத்தாயிரத்தில் ஆறு முறைதான். ஆட வந்தால் ரெய்ஸ், இல்லாவிட்டால் மடக்கு. 'சும்மா போட்டு வைப்போம்' என்ற என் மச்சானின் வழி அதனிடம் கிடையாது. இரண்டாவது இதற்கு நேர் எதிர். பகிர்பவராக ஆடும்போது கையில் இரண்டு ஏஸ், அதாவது இருப்பதிலேயே பெரிய கை இருந்தாலும், முதல் சுற்றின் கடைசி ஏற்றத்தை அது பத்தாயிரத்தில் ஒரு முறைகூடச் செய்வதில்லை. கால் செய்துவிட்டு அமைதியாக இருக்கிறது. கையின் பலத்தைக் காட்டிக்கொடுக்காமல், பந்தயம் இரண்டு மடங்காகும் பின் சுற்றுகளுக்கு அதைச் சேமித்து வைக்கிறது என்று ஊகிக்கலாம்.

பந்தய அளவுக்கு வரம்பில்லாத ஆட்டத்திலும் 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. அது தனிக் கதை.

மச்சானுக்குச் சொன்ன பதில்

அவன் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. கணக்கு தெரிந்திருந்தால் ஜெயித்திருப்பானா?

ஷீட்டில் இன்னும் ஒரு வரிசை சேர்த்தேன். ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு கையிலும் நடுவில் உள்ளதிலிருந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். உதாரணத்துக்கு, 20 கொட்டைக்கு 1. மாமா மகனையும் அவனுக்குச் சமமான இன்னொருவரையும் நூறு கை ஆடவிடுங்கள். நானே அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் ஒரு கொட்டை எடுத்தேன். நூறு முடிவதற்குள் மேசையில் இருந்த கொட்டையில் பாதி என் கிண்ணத்தில். இரண்டு பேரும் சரியாகத்தான் ஆடினோம், ஆளுக்கு ஐம்பது குறைந்தது. "அப்ப ஜெயிச்சது கிண்ணம்தானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கணக்கு தெரிந்திருந்தால் எண்பதாயிரம் போயிருக்காது, குறைவாகப் போயிருக்கும். வந்திருக்கும் என்று சொல்லச் சொன்னால் எனக்கு மனசாட்சி இடம் தராது. எதிரில் உட்கார்ந்திருந்தது ஆளா, புரோகிராமா என்பதும் செல்போன் திரையில் தெரியப் போவதில்லை.

சட்டத்தில் என்ன நிலை என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் 1968-லேயே சொன்னது. தமிழக அரசின் 2022-ம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை வழங்குவதையும் விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது. எனவே 'இது ஸ்கில் கேம், பயப்பட வேண்டாம்' என்று யாராவது லிங்க் அனுப்பினால் கிளிக் செய்ய வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் பேங்க் விவரத்தைத் திருடும் வழியாகத்தான் இருக்கும்.

ஷீட்டைச் சேமிக்க கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஸ் தட்டவும். பெயர் கேட்கும்போது எளிதில் நினைவிருக்கும்படி ஒன்று கொடுங்கள். மச்சான் தன் பிரதிக்கு 'கிண்ணம்' என்று பெயர் வைத்திருக்கிறான். வீட்டில் செய்து பார்க்க ஒன்று: இரண்டு பக்கமும் திறந்த வரிசைக்கு (6, 7, 8, 9 இருக்கிறது, 5 அல்லது 10 வேண்டும்) உதவும் சீட்டுகள் எட்டு. பி3-ல் 8 போட்டு, பி9-ல் உள்ள எண் பி7-ஐத் தாண்டும்வரை பி8-ஐ ஒவ்வொரு சதவீதமாக உயர்த்திப் பாருங்கள்.